ஆறு ஓட்டைகளுக்கு ஒரு சொல்

மார்ச் 3

மச்சானுக்கு,

இதை நானே எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் தங்கையிடம் ஃபோனில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு வரிக்கும் "இன்னுமா முடியல?" என்று கேட்கிறாள்.

உங்களோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அந்த பேக்கரி வாசலில் சொன்னேன். அதில் மாற்றமில்லை. ஆனால் எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அப்போது எழுதத் தெரியாததால் அது எனக்குத் தோன்றவே இல்லை.

போன வருஷம் நூலக மாடியில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு வயது எழுபத்திரண்டு. வகுப்பிலேயே நான்தான் மூத்தவன், நான்தான் முதல் பெஞ்சு. டீச்சர் பகலில் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறார். இந்தக் கடிதத்துக்கும் அவர்தான் குத்துவார். தமிழ் முடித்துவிட்டேன். இப்போது ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்.

மச்சான், படிக்கத் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைத்தெருவில் நாம் மாட்டிய பதினாறு போர்டுகளையும் போய்ப் படித்துவிட்டு வந்தேன். ஒரு கடைக்கு எதிரே நின்று சத்தமாகப் படித்தபோது கடைக்காரர் வெளியே வந்து, "என்ன பெரியவரே வேணும்?" என்றார். "ஒண்ணும் வேணாம். உங்க கடை பேரு என்னன்னு பாத்தேன். இருபது வருஷத்துக்கு முன்னாடி நான்தான் மாட்டினேன்" என்றேன். அவர் எனக்கு உட்கார நாற்காலி போட்டார். வெயிலில் வந்தவன் என்று நினைத்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை எழுதவே மூன்று நாள் ஆகிவிட்டது.

என் மகள், உங்கள் மருமகள், கடை வைக்கிறாள். புதுத் துணி தைக்கிற கடை இல்லை. தைத்த துணியைத் திருத்துகிற கடை. இடுப்பைப் பிடிப்பாள், நீளத்தைக் குறைப்பாள், கிழிசலை மறைப்பாள். ஏப்ரல் 18 திறப்பு. கடையின் முகப்புக் கல்லில் ஆறு ஜோடி ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பித்தளை எழுத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த அளவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நாம் போட்டவை. முன்பு இருந்த கடைக்காரர் போகும்போது எழுத்துகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

வாடகைக்கு விட்ட கட்டடக்காரர் கண்டிப்பானவர். "புதுசா ஒரு ஓட்டைகூட போடக்கூடாது. இருக்கற ஓட்டை ஒண்ணுகூட காலியா நிக்கக்கூடாது, மழைத் தண்ணி உள்ள இறங்கும். கல்லு மேல பசை ஒட்டக்கூடாது. பதினெட்டாம் தேதிக்குள்ள ஆறும் நிறையலேன்னா சிமெண்ட் வச்சு அடைச்சிடுவேன்" என்கிறார். அடைத்தால் அந்தக் கடைக்கு ஜென்மத்துக்கும் பெயர்ப்பலகை கிடையாது. நம் அளவுக்குப் பித்தளை எழுத்து வார்த்த பட்டறையோ இன்று இல்லை.

ஆகவே நான் என் பெட்டியைத் திறந்தேன். நாம் பிரிந்தபோது மீதி எழுத்துகளைப் பழைய இரும்புக் கடைத் தராசில் எடை போட்டுப் பாதிப் பாதியாகப் பிரித்தோமே, அந்தப் பெட்டி. அன்று நான் பெரிய பெரிய எழுத்தாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். உங்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்து ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். உள்ளே இருப்பவை: W இரண்டு, M இரண்டு, G, H, R, D, B. மொத்தம் ஒன்பது.

இவற்றை ஆறு ஆறாக மாற்றி மாற்றி அடுக்கி டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு சொல்லைப் படிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. பிறகுதான் சொன்னார். ஆங்கிலத்தில் A, E, I, O, U என்று ஐந்து உயிரெழுத்து உண்டாம். அதில் ஒன்றாவது இல்லாமல் சொல் அமையாதாம். என் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. ஐந்தையும் நீங்கள் கொண்டுபோயிருக்கிறீர்கள்.

தெரிந்தேதான் செய்தீர்கள். உங்களுக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே. போகட்டும். ஆறு எழுத்தில் ஒரு நல்ல ஆங்கிலச் சொல் வேண்டும். அதில் என்னுடைய எழுத்துகளும் இருக்க வேண்டும். கண்டுபிடித்து எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து ஒவ்வொன்றும் கத்தரிக்காய் அளவு இருந்ததால் கண்ணாடி போடாமலே படித்தேன். கவரின் கனத்தைப் பார்த்துத் தபால்காரர் வக்கீல் நோட்டீஸா என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

இரண்டு இடத்தில் 'ள' வரவேண்டிய இடத்தில் 'ல' போட்டிருக்கிறீர்கள். சொல்லவேண்டியது என் கடமை. மற்றபடி குறை சொல்வதற்கில்லை. என் மனைவி கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.

உயிரெழுத்தைத் திருடினேன் என்று எழுதியிருப்பது அபாண்டம். தராசு முள் நடுவில் நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். பெரிய எழுத்துக்கெல்லாம் நீங்கள் ஆலாய்ப் பறந்தீர்கள். நான் பெருந்தன்மையாகச் சின்னதுகளை எடுத்துக்கொண்டேன். என்னிடம் பதினைந்து: I மூன்று, L இரண்டு, T இரண்டு, E இரண்டு, A, O, S, C, F, U. இதில் எது உயிர், எது மெய் என்று அன்றைக்கு யார் பார்த்தது?

இருந்தாலும் என் மருமகளுக்காகப் பார்த்தேன். நாம் மாட்டிய சொற்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன் அல்லவா? அதில் ஆறு எழுத்துச் சொற்கள் பதினான்கு இருக்கின்றன. உங்கள் எழுத்தும் என் எழுத்தும் சேர்ந்து வருவதாக மூன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

REFUSE. பார்க்க மென்மையாக இருக்கிறது. பெண்கள் நடத்தும் கடைக்குப் பொருந்தும்.

CLOSED. ஐந்து எழுத்து என்னிடமே இருப்பதால் உங்களுக்குச் சிரமம் குறைவு. D மட்டும் தந்தால் போதும்.

MORGUE. என் சிபாரிசு இதுதான். உங்களிடம் மூன்று, என்னிடம் மூன்று. உயர்தரமான சொல். பெரிய கட்டடம் ஒன்றின் பின்பக்கத்தில் மாட்டியதாக நினைவு. மிகவும் அமைதியான இடம்.

அர்த்தம் என்ன என்று கேட்டு எழுத வேண்டாம். கடைப் பெயருக்கு யாரும் அர்த்தம் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அண்ணன்

மார்ச் 20

மச்சானுக்கு,

நான் அர்த்தம் பார்த்தேன்.

வகுப்பில் எனக்கு ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள், ஒருநாளும் விடுப்பு எடுக்காததற்காக. ஒரு சொல்லைத் தேட எனக்கு அரைமணி நேரம் ஆகும். உங்கள் மூன்று சொல்லுக்கும் ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.

REFUSE என்றால் குப்பை. இன்னொரு அர்த்தமும் போட்டிருக்கிறது: மறுத்தல். கையில் துணியோடு வருகிறவளிடம் "குப்பை" என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் "முடியாது, போ" என்று சொல்ல வேண்டும். எது உங்களுக்கு வசதி?

CLOSED என்றால் மூடப்பட்டது. கடை திறக்கிற அன்றைக்கே மேலே அதை மாட்டிவிட்டுக் கீழே வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று அழைப்பதா?

மூன்றாவது சொல்லை உங்கள் தங்கை பக்கத்தில் இருக்கும்போது சத்தமாகப் படித்துவிட்டேன். பிணவறை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் அது. அமைதியாக இல்லாமல் என்ன செய்யும்?

உங்கள் தங்கை முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் மட்டும் பொறுமையாக, "அப்பா, பேரு எதுவா வேணா இருக்கட்டும். உயிரோட வர்றவங்களுக்கான கடைன்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள்.

மச்சான், எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பத்தோரு வருஷம் கடைக்காரர்கள் தந்த சீட்டைப் பார்த்து நீங்கள்தான் எழுத்துகளைத் தரையில் அடுக்கி, முதுகில் சாக்பீஸால் எண் போட்டுத் தந்தீர்கள். எண்ணைப் பார்த்து நான் மாட்டினேன். உங்களுக்கு ஆங்கிலம் தெரியும், எனக்குத் தெரியாது என்பது ஊரறிந்தது.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா?

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கடைக்காரராவது எழுத்து மாறிவிட்டது என்று திரும்பி வந்ததுண்டா?

எட்டு மாதம் வகுப்புக்குப் போனவர் கேட்கிற கேள்வியா இது? இனி எனக்கு எழுத வேண்டாம். மருமகளுக்கு என் ஆசிகள். கடைக்கு ஒரு நல்ல பெயராக நீங்களே வையுங்கள், உங்கள் இரண்டு W-வையும் வைத்துக்கொண்டு.

மனைவியின் அண்ணன்

ஏப்ரல் 1

மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். நன்றாகப் புரிந்தது. இருந்தாலும் எழுதுகிறேன். புதிதாகக் கற்றவனுக்குக் கை சும்மா இருக்காது.

போன கடிதத்தில் கடைசியாக ஒரு கேள்வி கேட்டிருந்தேன் அல்லவா, அந்த ஒரு வரியை நீங்களே பேனாவால் அடித்துவிடுங்கள். நானே அடித்திருப்பேன். கடிதம் உங்களிடம் இருக்கிறது.

நேற்றுக் கட்டடக்காரர் வந்து சிமெண்ட் சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறதே என்றேன். "பாத்துட்டே இருந்தா உங்களுக்கு வேகம் வரும்" என்கிறார். அந்தச் சட்டியைப் பார்த்தால் எனக்கு வேகம் வரவில்லை, ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டேன்.

மகளிடம், "போர்டு இல்லேன்னா என்னம்மா செய்வே?" என்று கேட்டேன். அவள் தையல் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "போர்டு இல்லாட்டி இல்லாமப் போகுது. எனக்குக் கல்யாணம் ஆனப்ப மாமா வரல. குழந்தை பொறந்தப்ப வரல. கடைக்காவது வருவாரான்னுதான் உங்களை எழுதச் சொன்னேன். நீங்க என்னடான்னா அவருக்குப் பரிட்சை வைக்கிறீங்க" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

தங்கையின் கணவன்

ஏப்ரல் 5

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். சத்தமாகப் படிக்கிற பழக்கத்தை இதற்கு மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது.

இருபத்தாறு எழுத்துக்கும் பெயர் தெரியும். அவ்வளவுதான். நான் படித்தது ஐந்தாவது வரை, அதுவும் தமிழ். கடைக்காரர் தரும் சீட்டில் என்ன உருவம் இருக்கிறதோ, அதே உருவத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் வைப்பேன். சாக்பீஸ் எண்ணைப் பார்த்து நீங்கள் செய்ததைத்தான் நான் சீட்டைப் பார்த்துச் செய்தேன். நான் தரையில் நின்றேன், நீங்கள் ஏணிமேல் நின்றீர்கள். வேறு வித்தியாசம் இல்லை.

முதல் கடைக்காரர், "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றால் வேலை போய்விடும். தெரியும் என்றேன். அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது? நீங்கள் வேறு என்னை அண்ணாந்து பார்ப்பீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த பேக்கரித் திறப்பு அன்று நடந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் கூடியிருந்தார்கள். பேக்கரிக்காரர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மாவுக் கம்பெனியிலிருந்து வாழ்த்து வந்திருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது, நீங்கள் படித்தால்தான் நன்றாக இருக்கும் என்றார். அறுபது பேர் என் வாயைப் பார்த்தார்கள். காதெல்லாம் சூடேறிவிட்டது. நீங்கள் ஏணியில் நின்று கடைசி எழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களைக் காட்டி, "இதைக் கேளுங்க! மேல நிக்கிறாரே எங்க மாப்பிள்ளை, அவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனா முப்பது வருஷமா இங்கிலீஷ் மாட்டறாரு!" என்றேன். கூட்டம் சிரித்துத் தீர்த்தது. சிரிப்பில் தாளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

என்னை மறைக்க உங்களை அவிழ்த்துவிட்டேன். உங்களுக்கு எழுத்தே தெரியாது என்ற ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பி ஏணியில் நின்றவர் நீங்கள். ஒன்பது வருஷமாக மன்னிப்புக் கேட்காததற்குக் காரணம் ரோஷம் இல்லை. கேட்டால் ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டிவரும். அதுதான் பயம்.

இது என் மனைவிக்கும் தெரியாது.

மச்சான்

ஏப்ரல் 8

மச்சானுக்கு,

தனியாகத்தான் படித்தேன். மொட்டை மாடிக்குப் போய்ப் படித்தேன். உதடுகூட அசையவில்லை. மனதுக்குள் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஏணியிலிருந்து இறங்குவதற்குப் பதினோரு படி இருந்தது, மச்சான். ஒவ்வொரு படியிலும் சிரித்தார்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மாடியிலேயே நாலு சுற்று நடந்தேன். ஐந்தாவது சுற்றில் வேறொன்று தோன்றியது. முப்பத்தோரு வருஷம் ஒரு ஊர் முழுக்க ஆங்கிலம் மாட்டிய இரண்டு பேரில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. அப்புறம் கோபம் தங்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் தங்கை மேலே வந்து, தனியாக நின்று சிரிக்கிறேனே, வெயில் தலைக்கேறிவிட்டதா என்று பார்த்தாள். கடிதத்தில் என்ன என்று கேட்டாள். ஆறு எழுத்துச் சொல் இன்னும் கிடைக்கவில்லையாம் என்றேன்.

என்னிடமிருந்து அது வெளியே போகாது. நீங்கள் அறுபது பேரிடம் சொன்னீர்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன். இதைக் குத்திக்காட்டுவதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் அப்படித்தான்.

இப்போது வேலை. பத்து நாள்தான் இருக்கிறது. அகராதி முழுவதையும் நான் ஒருவனே பார்த்தால் அடுத்த வருஷம் ஆகும். அதனால் அதைப் பிரித்துவிட்டேன். தையல் மிஷின் பக்கத்தில் இருக்கும் கத்தரியால் முதுகை வெட்டினேன். உங்கள் பெட்டியில் என்னென்ன எழுத்து இருக்கிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களின் பக்கங்கள் எல்லாம் இந்தப் பார்சலில் இருக்கின்றன. A, C, E, F, I, L, O, S, T, U. என் எழுத்துகளின் பக்கங்கள் என்னிடம். நம் இருவரிடமும் இல்லாத எழுத்துகளின் பக்கங்களை உங்கள் தங்கை அலமாரித் தட்டுகளில் விரித்துவிட்டாள். சில பக்கங்களின் முன்பக்கம் உங்களுடையது, முதுகு என்னுடையது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

தேடும் முறை இது. விரல் விட்டு எண்ணுங்கள், ஆறு எழுத்து இருக்கிறதா என்று. இருந்தால், நம்மிடம் இல்லாத எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மட்டும் அர்த்தத்தைப் படியுங்கள். அர்த்தத்தை முதலில் படிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன், எல்லாமே சுவையாக இருக்கிறது.

நான் இதுவரை கண்டுபிடித்தவை இரண்டு. BRIDGE, பாலம். நம் இரண்டு பெட்டியிலிருந்தும் எழுத்துகள் சரியாக வருகின்றன. ஆனால் துணிக் கடையில் பாலத்துக்கு என்ன வேலை? MOTHER, அம்மா. மிக நல்ல சொல். ஆனால் மகள் வேண்டாம் என்கிறாள். "எங்க மாமியார் தன்னைத்தான் மேல மாட்டியிருக்கேன்னு நினைச்சுக்குவாங்க. தினமும் வந்து துடைக்கச் சொல்லுவாங்க."

மாப்பிள்ளை

ஏப்ரல் 13

மாப்பிள்ளை,

கிடைத்துவிட்டது!

மூன்று நாளாக நான் சாப்பாட்டு மேசையை விட்டு எழவில்லை. என் மனைவி கேட்டாள், "உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, அப்புறம் எதுக்கு டிக்‌ஷ்னரி?" கடைப் பெயர் என்றால் சும்மாவா, சரிபார்க்க வேண்டாமா என்று சமாளித்தேன். பிறகு சமாளிக்கப் பிடிக்காமல் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நாற்பது வருஷ ரகசியம். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "அது எனக்குத் தெரியும். அந்த மாவுக் கம்பெனித் தாளை இத்தனை வருஷமா பீரோவுல வச்சிருக்கீங்களே, படிக்கத் தெரிஞ்சவன் அப்படி வச்சிருப்பானா?" என்றாள். நான் O பக்கத்துக்குப் போய்விட்டேன்.

A-யில் ஒன்றும் தேறவில்லை. C-யில் நான்கு சொற்கள் ஏறக்குறைய வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு N நுழைந்து கெடுத்தது. S-ஐப் போல ஒரு படுபாவி எழுத்து கிடையாது, முடிவே இல்லாமல் போகிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. T-யில் பாதி தாண்டியதும், இடது பக்கத்தில், மேலிருந்து ஒன்பதாவது சொல்.

THREAD.

விரல் விட்டு எண்ணினேன். ஆறு. H, R, D உங்களிடம் இருக்கின்றன. T, E, A என்னிடம். வெளி எழுத்து எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் அர்த்தத்தைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன முறைப்படி. கையால் மூடிக்கொண்டு மெதுவாகத் திறந்தேன். எங்கே மறுபடியும் ஆஸ்பத்திரியாக இருந்துவிடுமோ என்று பயம்.

நூல். துணி தைக்கிற நூல்.

மாப்பிள்ளை, என் வாழ்க்கையில் அர்த்தம் தெரிந்து நான் எடுத்த முதல் ஆங்கிலச் சொல் இது. உங்கள் முதல் கடிதத்தில் போர்டுகளைப் போய்ப் படித்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அன்று அதைப் படித்து, கிறுக்குப் பிடித்துவிட்டது இவருக்கு என்று நினைத்தேன். இப்போது என் வீட்டுச் சோப்பு உறையைக்கூட விடாமல் எழுத்துக்கூட்டுகிறேன்.

பதினேழாம் தேதி வண்டியில் மூன்று எழுத்துகளோடு வருகிறேன். நீங்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை. ஏணியை நான் பிடிக்கிறேன். நம் விஷயம் மட்டும் அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம்.

மச்சான்

ஏப்ரல் 24

மாப்பிள்ளை,

நேற்றுத்தான் ஊர் வந்து சேர்ந்தேன். முதுகு வலிக்கிறது. மருமகள் என் கால்சட்டை இரண்டிலும் இடுப்பைப் பிடித்துத் தந்தாள், இரண்டும் இப்போது மூச்சு விட முடியாதபடி கச்சிதமாக இருக்கின்றன. அவளிடம் சொல்ல வேண்டாம்.

ஒரு வாரம் உங்கள் வீட்டில் இருந்தேன். அன்று நடந்ததைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திறப்பு அன்று காலையில் நாம் வேலை செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. நீங்கள் மேலே, நான் கீழே, நடுவில் என் தங்கை. "அவருகிட்ட சொல்லு, அடுத்தது R" என்று நீங்கள். "அவருகிட்ட சொல்லு, R நேரா இருக்கு, ஆளுதான் சாஞ்சிருக்காரு" என்று நான். அவள் அலுத்துப்போய், "எனக்கு வாய் ஒண்ணுதான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஊமையாவே வேலை பாருங்க" என்று உள்ளே போய்விட்டாள். அப்போது ஐந்து எழுத்து ஏறியிருந்தது. D மட்டும் உங்கள் கையில் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் கட்டடக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தொண்டைக் கட்டு. வாயில் காற்றுதான் வருகிறது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் திணித்தார். "நான் இங்கிலீஷ்ல வாழ்த்து எழுதியிருக்கேன். ஐயாதான் இந்தப் பேரைக் கண்டுபிடிச்சாராமே. நீங்க படிங்க, பொருத்தமா இருக்கும்." சுற்றிலும் நாற்பது பேர். மருமகள் வேறு என்னைப் பெருமையாகப் பார்க்கிறாள். எனக்குக் காது சூடேற ஆரம்பித்தது. ஏணியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் மேலே அதை உணர்ந்திருப்பீர்கள்.

"மச்சான்!"

ஒன்பது வருஷம் கழித்து உங்கள் குரல். தெருவே திரும்பிப் பார்த்தது.

"மச்சான், ஏணியை விடாதீங்க! நீங்க கையை எடுத்தா நான் விழுந்துடுவேன். அந்தத் தாளை மேல குடுங்க, நான் படிக்கிறேன்!"

கொடுத்தேன். D-யைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, பதினோராவது படியில் நின்று படிக்க ஆரம்பித்தீர்கள். ஒவ்வொரு எழுத்தாக. ஒரு எழுத்து சொல்வீர்கள், அடுத்ததைத் தேடுவீர்கள், பிறகு முதலிலிருந்து சேர்த்துச் சொல்வீர்கள். முதல் வரி முடிவதற்குள் முன்வரிசை காபி குடிக்கப் போனது. இரண்டாவது வரியில் கட்டடக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது வரியில் அவரும் இல்லை. யாராவது சிரித்தார்களா என்று நான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு கிழவி மட்டும் நின்று, "எவ்வளவு ஆசையா படிக்கிறாரு பாரு" என்றாள்.

நீங்கள் எட்டு வரியையும் விடாமல் படித்தீர்கள். முடித்தபோது அந்தக் கிழவியும் போயிருந்தாள், கீழே நான் மட்டும்தான் இருந்தேன். என் கை மரத்துப்போயிருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

அதன் பிறகு D-யை மாட்டினீர்கள். கட்டடக்காரர் திரும்பி வந்து சிமெண்ட் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பேச்சுத்தான் திரும்பிவிட்டதே, இனி ஃபோனிலேயே பேசலாமே, மாப்பிள்ளை. ஆனால் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது?

மச்சான்

ஏப்ரல் 29

மச்சானுக்கு,

ஃபோனில் பேச முடியாது. பேசினால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது. எழுதினால் நாலு நாள் வருகிறது. நீங்களும் எழுதுங்கள்.

கடை நன்றாகப் போகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அண்ணாந்து படிக்கிறார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். யாராவது நின்று பார்த்தால், "அது நூல். எங்க மச்சான் கண்டுபிடிச்சது" என்று சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். மகள், "அப்பா, உள்ள வர்றவங்களை உள்ள விடுங்க" என்கிறாள்.

தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியாது. நான் படிக்கத்தான் படித்தேன். கால் ஏணியில், ஒரு கை தாளில், D கக்கத்தில். அர்த்தத்துக்கு எங்கே போவது?

கட்டடக்காரரிடம் கேட்கலாம் என்றால் அவர், "அன்னிக்கு நீங்கதானே படிச்சீங்க?" என்பார். அதனால் தாளைப் பார்த்து உங்களுக்காக ஒரு நகல் எடுத்திருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. வளைந்திருக்கும் இடங்களில் அவர் வளைத்து எழுதியிருந்தார், என் தவறில்லை.

நேற்று முதல் வரியில் உட்கார்ந்தேன். தொடக்கத்தில் I, பிறகு AM, இரண்டும் உங்கள் பக்கங்களில் இருக்கும். மூன்றாவது சொல் HAPPY. H என்னுடையது, பார்த்துவிட்டேன். மகிழ்ச்சி என்று போட்டிருக்கிறது. யாருக்கு மகிழ்ச்சி, எதற்காக மகிழ்ச்சி என்பதெல்லாம் A-யிலும் I-யிலும் S-இலும் T-யிலும் தொடங்குகிறது.

அந்தப் பக்கங்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. சீக்கிரம் பார்த்து எழுதுங்கள்.

மாப்பிள்ளை